ஆறாம் நம்பர் கால்

இது நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்டு, கண் காது மூக்கு வைத்து ஊரைச் சுற்றி வந்த கதை இல்லை. இதில் முக்கால்வாசியைப் பட்டவளே என் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். மீதிக் கால்வாசியை நான் என் கண்ணால் பார்த்தேன். நம்பாதவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நான் ஒரு பெரிய செருப்புக் கடையின் வாசலில் நிற்கிறவன். கண்ணாடிக் கதவைத் திறப்பதும் சாத்துவதும்தான் வேலை. அவள் உள்ளே பெண்கள் பிரிவில் விற்பனைக்கு நிற்பவள். கடையில் எல்லோரும் அவளை அளவக்கா என்றுதான் கூப்பிடுவோம். வருகிறவரின் காலை ஒரு பார்வை பார்த்தால் போதும், அளவுப் பலகையைத் தொடாமலே நம்பரைச் சொல்லிவிடுவாள். பொய் மட்டும் வராது. "இது உங்க காலுக்கு நல்லாருக்காது, எடுக்காதீங்க" என்று வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். பயமுறுத்துவதற்காகக் கதை கட்டுகிற ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அளவக்காவின் புருஷன் பஸ் டிரைவர். அவர் ஒரு சின்ன வீடியோ கேமரா வாங்கினார். உள்ளங்கைக்குள் அடங்குகிற சைஸ். பக்கவாட்டில் ஒரு குட்டித் திரை கதவு மாதிரித் திறக்கும். கல்யாணம், மாநாடு எடுக்கிற கேமரா இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் ஆடுவதையும் பாடுவதையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை, அவ்வளவுதான்.

மகளை வீட்டில் குட்டி என்பார்கள். ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஹாலில் நாடகம் போடுவாள். ராஜாவும் அவள்தான், திருடனும் அவள்தான், ராஜாவின் குதிரையும் அவள்தான். பார்ப்பதற்கு அம்மா, அப்பா, அத்தை என்று மூன்று பேர். அத்தை டிரைவரின் தங்கை. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாலு பேர்தான் அந்த வீட்டில்.

டிரைவருக்கு அந்தக் கேமராவோடு ஒரு ராசி. பொத்தானை அழுத்துவார். திரையில் சிவப்புப் புள்ளி வந்ததா என்று பார்க்க மாட்டார். முதல் அழுத்தே எங்கோ தப்பிவிடும். அதற்கப்புறம் எல்லாம் தலைகீழ். எடுக்கிறோம் என்று அவர் நினைக்கும்போது கேமரா தூங்கும். நிறுத்திவிட்டோம் என்று மணிக்கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கும்போது விழித்துக்கொள்ளும். பஸ்ஸை இருபது வருஷம் ஓட்டிய மனிதருக்கு ஒரு பொத்தான் அடங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 4.10. நாலு வாரமாக எடுத்ததை டிவியில் போட்டுப் பார்க்கலாம் என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். ராஜாவைக் காணோம். திருடனைக் காணோம். மூலையில் தேதியும் மணியும் சரியாக ஓட, படம் முழுக்க ஹால் தரை. சதுர சதுரமான வெள்ளை டைல்ஸ். அதன்மேல் நடமாடுகிற கால்கள்.

"அப்பா, நான் ராஜாவா நடிச்சது எங்க?" என்றாள் குட்டி.

"உன் கால் நல்லா நடிச்சிருக்கு பாரு" என்றார் டிரைவர்.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கண்ணன் எடுத்த படத்துல முகத்தைத் தேடினா முடியுமா?" குட்டி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அளவக்காவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? காலைக் கண்டால் கண் தானாக அளக்கும்.

டிரைவர், பத்து. தான், ஏழு. நாத்தனார், ஐந்து. குட்டி, இரண்டு.

அப்புறம் ஒரு ஆறு.

"நிறுத்துங்க" என்றாள்.

படம் நின்றது. நடைவழி ஹாலில் வந்து சேரும் இடம். சுவரை ஒட்டி ஒரு ஜோடி வெறுங்கால். பெண் கால். குறுகலான குதிகால், உள்பக்கம் சாய்ந்த கட்டை விரல். கணுக்காலுக்கு மேலே படத்தில் விழவில்லை.

"அன்னைக்கு யாரு வீட்டுக்கு வந்தாங்க?"

"யாரும் வரலையே" என்றார் டிரைவர்.

"உங்க காலா இருக்கும் அண்ணி" என்றாள் நாத்தனார்.

"என் காலு எனக்குத் தெரியாதா? அது ஆறு. இந்த வீட்டுல ஆறு யாருக்கும் கிடையாது."

மறுபடி ஓடவிட்டார்கள். மற்ற எட்டுக் கால்களும் நகர்கின்றன, திரும்புகின்றன, ஒன்றை ஒன்று சொறிகின்றன. அந்த இரண்டும் அசையவில்லை. அளவக்கா டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். அப்போதுதான் அது அவள் கண்ணில் பட்டது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. காலை நிற்கவைத்துத்தான் அளக்க வேண்டும். உட்கார்ந்திருக்கிற கால் அரை நம்பர் சின்னது. எழுந்து நின்றால் உடம்பின் பாரம் இறங்கும், பாதம் பரந்துபோகும், விரல்கள் விரியும். நிற்கிற கால் எதுவானாலும் அப்படித்தான். இந்தக் கால்கள் தரையில் நிற்கின்றன. ஆனால் பாதம் பரவவில்லை. விரல்கள் விரியவில்லை. நாற்காலியில் தொங்குகிற கால் மாதிரி, பாரமே இல்லாமல் நிற்கின்றன.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாலு வாரத்துப் படத்தையும் முதலிலிருந்து போடச் சொன்னாள். டைல்ஸை எண்ணினாள்.

முதல் ஞாயிறு, காலை 11.20. குட்டியின் காலுக்கும் அந்தக் காலுக்கும் நடுவே ஒன்பது டைல்ஸ்.

இரண்டாவது ஞாயிறு, மாலை 5.42. ஆறு.

மூன்றாவது ஞாயிறு, 5.15. நாலு.

போன ஞாயிறு, 11.58. இரண்டு.

எல்லாவற்றிலும் விரல்கள் குட்டியின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

டிரைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கேமராவை எடுத்துப் பைக்குள் திணித்தார். "நாளைக்கே இதை எங்கயாவது தள்ளிவிட்டுடறேன். சனியன் இது வந்ததுல இருந்துதான்."

அளவக்கா பையைப் பிடுங்கினாள்.

"கேமராவைத் தள்ளிட்டா காலு போயிடுமா? நாம பாக்கறதுதான் நின்னு போகும். அது எத்தனை டைல்ஸ்ல நிக்குதுன்னு தெரியாம நான் எப்படித் தூங்கறது?"



"பேய்க்குக் காலே இருக்காதும்பாங்களே அண்ணி" என்றாள் நாத்தனார், சின்னக் குரலில்.

"அப்ப இது பேய் இல்ல. காலு இருக்கறதால நடக்குது. நடக்கற எதையும் நிறுத்தலாம்."

அவள் அப்படித்தான். பயம் வந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், அவளுக்குக் கோபம் வரும். என் பிள்ளை பக்கம் வருவதற்கு நீ யார் என்கிற கோபம். அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க அவள் தயாராக இல்லை.

வியாழக்கிழமை. கடையிலிருந்து 5.30க்குக் கிளம்பினாள். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். 6.10க்கு வீட்டில். டிரைவர் வண்டியில் இருந்தார், எட்டு மணிக்கு மேல்தான் வருவார். குட்டி ஹாலில் தன் சின்ன மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நாத்தனார். தான் செய்யப்போவதை அவளிடம் மட்டும் சொன்னாள். ஹாலில் எல்லா விளக்கையும் போட்டாள். கேமராவின் திரையைத் திறந்து, தரையைப் பார்த்துப் பிடித்தாள். சிவப்புப் புள்ளி வந்ததா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

6.24. திரையில் தரை மட்டும்.

6.26. நடைவழி முனையைக் காட்டினாள். வெறும் தரை. சோபாவின் கீழே. வெறும் தரை. திரும்ப நடைவழி முனை.

கால்கள் நின்றன.

கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. டைல்ஸ் பளபளவென்று இருந்தது. திரையில் பார்த்தாள். இருந்தது.

அது நடப்பதைப் பார்க்க முடியவில்லை. பார்வையை எடுத்து, திரும்ப வைத்தால், இடம் மாறியிருக்கும்.

6.29. நாலு டைல்ஸ்.

நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது. "அண்ணி... என்ன தெரியுது?"

"பேசாம இரு."

6.30. இரண்டு.

கேமராவுக்குள் நாடா சுற்றுகிற சத்தம். ஸ்ஸ்ஸ்... குட்டியின் பென்சில் சத்தம். சரக்... சரக்... வேறு சத்தம் இல்லை.

அளவக்கா கண்ணைச் சிமிட்டினாள். சிமிட்டினது மட்டும்தான்.

ஒன்று.

அவள் யோசிக்கவில்லை. மேஜைக்கும் அதற்கும் நடுவே போய் நின்றாள். வலது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தாள்.

திரையில் நாலு கால்கள். அவளுடைய ஏழு. எதிரே அந்த ஆறு. விரலுக்கு விரல்.

பாதத்தில் ஜில்லென்று ஏறியது.

"ஏய்" என்றாள்.



"யாரு நீ, எதுக்கு வந்தன்னு கேக்க மாட்டேன். எனக்குத் தேவையில்ல."

ஸ்ஸ்ஸ்...

"நின்ன இடத்துலயே நில்லு. இதுக்கு மேல ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. அவகிட்ட போகணும்னா என்னைச் சாய்ச்சுட்டுப் போ. முடிஞ்சாப் பாரு."

பென்சில் நின்றது. "அம்மா, யார்கிட்ட பேசற?"

"உங்க அத்தைகிட்ட. நீ வரை."

அப்போதுதான்... திரையில்... அந்த விரல்கள் மெல்ல விரிந்தன.

பாதம் பரந்தது.

பாரம் இறங்கியது.

டக்.

டைல்ஸ் சத்தம். நாத்தனாருக்கும் கேட்டது. குட்டிக்கும் கேட்டது.

அளவக்கா நகரவில்லை.

6.38. பேட்டரி தீர்ந்து திரை இருண்டது. அவள் அப்படியே நின்றாள். நாத்தனார் குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். 8.15க்கு டிரைவர் வந்து கதவைத் தட்டும்வரை அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கால் மரத்துப்போய், அவர் வந்துதான் தாங்கிப் பிடித்தார்.

மறுநாள் வேலைக்கு வந்துவிட்டாள். மாலை போய் முதல் வேலையாகக் கேமராவைத் திறந்து பார்த்தாள். அதே டைல்ஸ். அதே நிலை. சனிக்கிழமை பார்த்தாள். அங்கேயே. ஞாயிறு, திங்கள், செவ்வாய். நகரவே இல்லை.

இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னது அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, மதியம் 1.20க்கு. கடையின் பின்னால் பெட்டிகள் அடுக்கி வைக்கிற அறையில்தான் சாப்பிடுவோம். இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். போட்டியில் ஜெயித்த சிரிப்பு.

"எட்டு நாளாச்சுண்ணே. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிக்குது. குட்டி மேஜையை எடுத்து அத்தை ரூம்ல போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரரு இன்னும் அந்தப் பக்கம் போக மாட்டேங்கறாரு. நான் பக்கத்துலயே பெருக்கறேன்."

"பகல்ல வீட்டுல யாரு இருப்பா?"

"யாரும் இருக்க மாட்டோம். குட்டி மூணரைக்கு ஸ்கூல் விட்டு வருவா. அத்தை அஞ்சு மணிக்கு வந்துடுவா. அதுவரைக்கும் தனியா இருந்துக்குவா, பழக்கம்தான். முன்னாடியும் அது பகல் பூரா அங்கதானே இருந்திருக்கும். இப்ப நகராமயாவது நிக்குதே."

தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள்.

"என்னன்னு தெரியல, ரெண்டு நாளா மேஜையை அவளே ஹாலுக்கு இழுத்துப் போட்டுக்கறா. ஞாயித்துக்கிழமை மட்டும் போடற நாடகத்தை இப்ப தினமும் போடறாளாம். யாருடி பாக்கறாங்கன்னா சிரிக்கிறா."

சோற்றுக் கையோடு உட்கார்ந்திருந்தேன். கேட்பதா வேண்டாமா என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்டேன்.

"ஏம்மா, உன் கூட ஒருத்தர் வருவாங்களே. அவங்க உனக்கு என்ன உறவு?"

"யாரு?"

"தினமும் காலையில உன் பின்னாடியே வருவாங்க. சாயங்காலம் உன் பின்னாடியே போவாங்க. நீ வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து. மூணு வருஷமா."

அவள் என்னையே பார்த்தாள்.

"செருப்பு போடாம வருவாங்க. செருப்புக் கடைக்கு வெறுங்காலோட வர்றாங்களே, என்னைக்காவது ஒண்ணு வாங்குவாங்கன்னு நெனப்பேன். உன் அக்காவோ, சித்தியோன்னு விட்டுட்டேன்."

"அண்ணே... முகம்?"

யோசித்துப் பார்த்தேன். மூன்று வருஷம். ஒரு தடவைகூட முகத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை. கால்தான் ஞாபகம் இருந்தது.

"போன வியாழக்கிழமை அஞ்சரைக்கு உன் பின்னாடி போனாங்க. அதுக்கப்புறம் நான் அவங்களைப் பாக்கலம்மா."

அவள் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. மூன்று வருஷமாகப் பகலெல்லாம் அது அவள் கூடவே கடையில் இருந்திருக்கிறது. வீடு காலியாக இருந்திருக்கிறது. குட்டி தனியாக இருந்த ஒவ்வொரு சாயங்காலமும் உண்மையிலேயே தனியாகத்தான் இருந்திருக்கிறாள். இந்த எட்டு நாளாகத்தான்...

"நிக்கச் சொன்னது நான்தான்" என்றாள்.

டிபன் பாக்ஸை மூடக்கூட இல்லை. எழுந்தாள். மணி 1.47.

"எங்கம்மா போற?"

"மூணரைக்குள்ள வீட்டுக்குப் போகணும். போயி அதைத் திரும்பக் கூட்டிக்கிட்டு வரணும்."

"பைத்தியமா உனக்கு? அதை எதுக்குக் கூட்டிக்கிட்டு வர்ற?"

"என் கூட வந்தது என் கூடவே வரட்டும். மூணு வருஷம் என்னை என்ன பண்ணிச்சு? இனிமே மட்டும் என்ன பண்ணிடும்? என் பொண்ணுகூட இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

கதவைத் திறந்துவிட்டேன். வெயிலில் இறங்கி நடந்தாள். அவள் பின்னால் யாரும் இல்லை.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. ஒரே நினைப்புதான். மூன்று வருஷமாகத் தினம் இரண்டு தடவை, ஞாயிற்றுக்கிழமை தவிர, அதற்குக் கதவு திறந்துவிட்டவன் நான். அவள் நுழைந்ததும் சாத்திவிடாமல், பின்னால் வருகிறவருக்காக ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். மரியாதையாக வணக்கம்கூட வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை 9.24.

அளவக்கா வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. முதுகு மட்டும் நேராக இருந்தது. கதவுக்கு வெளியே, என் முன்னால் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"குட்டி?" என்றேன்.

"தூங்கறா. அத்தை இருக்கா." குரல் தணிந்தது. "நேத்து மூணரைக்கு முன்னாடியே போயிட்டேன். இன்னைக்குக் காலையில கிளம்பும்போது, போதும், கிளம்பு, வேலைக்கு நேரமாச்சுன்னு அதுகிட்ட சொன்னேண்ணே. கேமராவுல பாத்தேன். அந்த டைல்ஸ்ல இல்ல. ஆனா என் பின்னாடிதான் வந்துச்சா, இல்ல வீட்டுலயே வேற இடத்துக்குப் போயிடுச்சான்னு எனக்குத் தெரியாது. வர்ற வழியில கேமராவைத் திறக்கப் பயமா இருந்துச்சு."

"அம்மா..."

"உங்களுக்குத்தான் தெரியும். பாத்துச் சொல்லுங்க."

பார்க்கக் கூடாது என்று ராத்திரி முழுக்க முடிவு பண்ணி வைத்திருந்தேன். கதவைத் திறந்தேன். அவள் உள்ளே போனாள். கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

தப்...

தப்...

மூன்று வருஷத்தில் அந்தக் காலடிச் சத்தத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அது வந்துடுச்சா?" என்றாள், திரும்பாமல்.

நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே. வந்துடுச்சா இல்லையா?"

"வந்துட்டாங்கம்மா."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. கதவைச் சாத்துங்க."